வலிக்காத கண்

குருமடத்தில் மெய்யியல் பயின்ற நாட்களில், வலி என்பது தன்னளவில் தீமையன்று, உடலைக் காக்கும் காவலன் எழுப்பும் குரலே அது என்று நமக்குக் கற்பித்தார்கள். காலில் தைத்த முள்ளை வலியே தேட வைக்கிறது. வலியை உணராத தொழுநோயாளியின் விரல்களே காயப்பட்டுத் தேய்ந்து போகின்றன. பாடம் சரியானதே. ஆனால் காவலன் குரலே எழுப்பாமல் வீடு கொள்ளை போவதும் உண்டு என்பதை, ஐம்பதை நெருங்கிய வயதில், ஓர் உப்பளத் தொழிலாளியின் மகளிடமிருந்து கற்றுக்கொண்டோம்.

2017-இல் தூத்துக்குடிக் கரையோரத்தில் ஒரு பங்கின் பொறுப்பை ஏற்றோம். பங்கு மக்களில் ஒரு பாதியினர் கடலை நம்பியும் மறு பாதியினர் உப்பளக் கூலியை நம்பியும் வாழ்ந்தனர். உப்பளத்தை நம்பிய குடும்பம் ஒன்றின் கடைக்குட்டிக்கு அப்போது வயது ஆறு. அவளது வலது முழங்கால் வீங்கியிருந்தது. காலையில் எழுந்ததும் நொண்டுவாள். பத்து, பதினொரு மணிக்குள் மற்றப் பிள்ளைகளோடு ஓடியாடத் தொடங்கிவிடுவாள். எங்கோ விழுந்திருப்பாள் என்று எண்ணெய் தடவிக் கட்டுப் போட்டார்கள். பிறகு ஒரு மருத்துவர் முட்டியிலிருந்து நீரை எடுத்தார், வீக்கம் வடிந்தது. கண்ணைப் பற்றி எவரும் பேசவில்லை. முழங்காலுக்கும் கண்ணுக்கும் என்ன தொடர்பு என்றுதானே எவரும் நினைப்பர்?

தொடர்பு இருக்கிறது. பதினாறு வயதுக்கு முன் காரணம் தெரியாமல் தொடங்கி ஆறு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் மூட்டழற்சியைச் சிறார் மூட்டழற்சி என்கிறார்கள். அந்நியக் கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் எதிர்ப்பாற்றல், தன் சொந்தத் திசுக்களையே பகையென்று கருதித் தாக்கும் நோய்களுள் இதுவும் ஒன்று. மூட்டில் தொடங்கும் இத்தாக்குதல் சில பிள்ளைகளுக்குக் கண்ணிலும் நிகழ்கிறது. மிகச் சிறு வயதில், ஓரிரு மூட்டுகளில் மட்டும் நோய் கண்ட பெண் பிள்ளைகளுக்கே இந்த ஆபத்து அதிகம். அதிலும் இரத்தத்தில் ஏ.என்.ஏ. என்னும் சோதனை நேர்மறையாக இருந்தால் இன்னும் அதிகம். ஆகவே அத்தகைய பிள்ளைகளின் கண்களை மூன்று மாதத்திற்கு ஒரு முறை சோதிக்க வேண்டுமென்பது மருத்துவ விதி. கண் சிவப்பதில்லை, வலிப்பதில்லை, நீர் வடிவதில்லை. வெண்மை மாறாத அழகான கண்ணுக்குள்ளேயே அழிவு நடக்கிறது.

அவளுக்கு நேர்ந்ததும் அதுவே. 2018-ஆம் ஆண்டு பள்ளி திறந்த மாதத்தில், பக்கத்துப் பிள்ளையின் ஏட்டைப் பார்த்தே அவள் எழுதுவதை வகுப்பு ஆசிரியையான அருட்சகோதரி கவனித்தார். விளையாட்டாக வலது கண்ணைப் பொத்தச் சொன்னபோது, "சிஸ்டர், விளக்க அணைச்சிட்டீங்களா?" என்று கேட்டாளாம். இடது கண்ணின் பாவை வட்டமாக இல்லாமல் சாவித்துளை போல் நெளிந்திருந்ததை அதன் பிறகே தாய் கண்டார்.

மதுரைக்கு அவர்களை அழைத்துச் சென்றபோது நாமும் உடன் இருந்தோம். ஸ்லிட் லாம்ப் என்னும் கருவியில் அவள் முகவாயை வைத்துப் பரிசோதித்த மருத்துவர், பக்கவாட்டுக் குழல் வழியே நம்மையும் பார்க்கச் சொன்னார். ஓட்டு வீட்டின் கூரை இடுக்கிலிருந்து விழும் வெயிற்கதிரில் தூசு மிதப்பதை வாசகர்கள் கண்டிருப்பீர்கள். அதைப்போலவே, ஒளிக்கீற்று ஊடுருவிய கண்நீரில் நுண்ணிய துகள்கள் மிதந்து கொண்டிருந்தன. அவை தூசு அல்ல. இரத்தத்திலிருந்து கசிந்து வந்த வெள்ளணுக்கள். நல்ல கண்ணில் அவ்விடம் தெளிந்த நீராய் இருக்கும். தாய் அறையின் மூலையில் நின்று, "கண்ணு நல்லாத்தான இருக்கு சாமி" என்று மெல்லச் சொன்னார். வெளியே நின்று பார்ப்பவருக்கு அவர் சொன்னது முற்றிலும் உண்மை.

இந்நோய்க்கு யுவியைடிஸ் என்று பெயர். இலத்தீனில் 'ஊவா' என்றால் திராட்சைக் கனி. விழியின் வெளித்தோலை உரித்துவிட்டால் உள்ளிருக்கும் கரிய நடுப்படலம் காம்பு கிள்ளிய திராட்சை போல் தோன்றுமாம். அதிலிருந்து வந்த பெயர் இது. குருமடத்தில் இடர்ப்பட்டுக் கற்ற இலத்தீன் எங்கெல்லாம் கைகொடுக்கிறது! அப்படலம் அழற்சியுற்றால் பாவையைச் சூழ்ந்த திரை பின்னாலுள்ள வில்லையோடு ஒட்டிக்கொள்கிறது. பாவை நெளிவது அதனால்தான். பின்பு கண்புரை வருகிறது. கண்ணின் நீரழுத்தம் ஏறுகிறது. விழியின் முன்புறத்தில் சுண்ணாம்பு பட்டையாகப் படிகிறது. இடது கண்ணில் இவற்றுள் பெரும்பாலானவை நடந்து முடிந்திருந்தன. வலது கண்ணில் தூசு மட்டும் மிதந்தது. அந்த ஒரு கண்ணுக்காகவே பின்வந்த போராட்டம் அனைத்தும்.

முதலில் சொட்டு மருந்து. ஸ்டீராய்டு என்று நாம் பொதுவாக அழைக்கும் மருந்தினத்தின் கதை 1948-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் தொடங்குகிறது. முடக்குவாதத்தால் படுத்திருந்த நோயாளிக்கு ஃபிலிப் ஹென்ச் கார்ட்டிசோனை ஊசி வழியே ஏற்றினார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950-இல் நோபல் பரிசே கிடைத்தது. ஆனால் இம்மருந்து தன் கூலியைப் பின்னர் வசூலிக்கும் இயல்புடையது. நீண்ட நாள் கண்ணில் இட்டால், நோய் எதைச் செய்யுமோ அதையே மருந்தும் செய்யும்: கண்புரை, நீரழுத்தம். மணிக்கொரு முறை சொட்டு விட்டபோது தூசு குறைந்தது. இடைவெளியை நீட்டியதும் மீண்டும் மிதந்தது.

அடுத்தது மெத்தோட்ரெக்சேட் மாத்திரை. வாரத்தில் ஒரே நாள் மட்டும். தவறியும் நாள்தோறும் கொடுத்துவிடக் கூடாது. அதனால் மருத்துவமனையில் தாயின் கையிலிருந்த அட்டையில் 'ஞாயிறு' என்று சிவப்பு மையால் எழுதிக் கொடுத்திருந்தார்கள். இம்மருந்து உருவான வரலாற்றில், பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்ரகட சுப்பாராவுக்குப் பெரும் பங்குண்டு. அமெரிக்காவில் அவர் தலைமையில் இயங்கிய லெடர்லே ஆய்வுக் குழுவே புற்றுநோய்க்கென இவ்வின மருந்துகளை உருவாக்கிற்று. 1948-இல் காலமான அவர், தாம் படித்த மாகாணத்தின் ஓர் உப்பளச் சிறுமிக்கு ஞாயிறுதோறும் அது புகட்டப்படும் என்று நினைத்திருக்க மாட்டார்.

மதுரையும் கண்ணும் என்றதும் இன்னொருவரைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. அரவிந்த் கண் மருத்துவமனையை 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமிக்கு, முப்பது வயதளவில் முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போயின. அதுவும் உடல் தன்னையே தாக்கும் நோய்தான். அந்தக் கோணிய விரல்களுக்கேற்பக் கத்தி பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். நாம் சொல்ல வரும் மருந்து அவருடைய இளமையில் இருந்திருந்தால் என்று எண்ணிப் பார்ப்பதுண்டு.

மெத்தோட்ரெக்சேட் மட்டும் போதவில்லை. மருத்துவர் ஒரு பெயரை எழுதினார்: அடாலிமுமாப். உயிரியல் மருந்து என்று இவ்வகையைச் சொல்கிறார்கள். மாத்திரைகள் வேதிப்பொருளைக் கலந்து செய்யப்படுபவை. இதுவோ உயிரணுக்களை வளர்த்து, அவற்றைக் கொண்டே உற்பத்தி செய்யப்படும் புரதம். ஒருவகை வெள்ளெலியின் அணுக்களைப் பெரிய தொட்டிகளில் வளர்த்து, மனித எதிர்ப்பொருளின் வடிவிலேயே அமைந்த புரதத்தை அவற்றைச் சுரக்க வைக்கிறார்கள். வாய்வழி கொடுத்தால் வயிறு அதை மீனையும் முட்டையையும் போலச் செரித்துவிடும். எனவே இரு வாரத்திற்கு ஒரு முறை தோலுக்கடியில் ஊசி.

அப்புரதம் செய்வது ஒரே ஒரு வேலை. உடலில் அழற்சித் தீயை மூட்டும் டி.என்.எஃப். என்னும் தூதுப்பொருளைப் பற்றிக்கொண்டு செயலிழக்கச் செய்கிறது. கட்டிகளைக் கரைக்கும் பொருளாக அதற்கு 1975-இல் லாயிட் ஓல்டு குழுவினர் பெயரிட்டனர். மூட்டுவாதத்தில் தீ மூட்டுவதும் அதுவே என்று லண்டனில் மார்க் ஃபெல்ட்மனும் ரவீந்தர் மைனியும் காட்டி, 1992-இல் நோயாளிகளுக்கு அதன் எதிர்ப்பொருளை முதன்முறை கொடுத்துப் பார்த்தனர். அதே 1975-இல்தான், ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டிய அளவு வளர்த்தெடுக்கும் முறையைக் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் வெளியிட்டனர். தீயின் பெயரும் அதை அணைக்கும் வழியும் ஒரே ஆண்டில், ஒன்றையொன்று அறியாமல் பிறந்தன. அடாலிமுமாப் 2002-இன் இறுதியில் மூட்டுவாதத்திற்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2016-இல் யுவியைடிஸ் நோய்க்கும் பெற்றது. டி.என்.எஃப். பொருளையே தடுக்கும் எட்டானெர்செப்ட் என்ற மற்றொரு மருந்து மூட்டைக் காக்கிறது, கண்ணைக் காப்பதில்லை. ஒரே பகைவனுக்கு எதிராக நின்றும் இரண்டும் ஒன்றல்ல.

பிள்ளைகளுக்கு இது உதவுமா என்று இங்கிலாந்தில் நடந்த ஆய்வின் முடிவு 2017-இல் வெளியானது. மெத்தோட்ரெக்சேட் எடுத்தும் அடங்காத 90 பிள்ளைகள். 60 பேருக்கு அடாலிமுமாப் சேர்த்துக் கொடுத்தனர். 30 பேருக்கு வெறும் நீரூசி. முதல் குழுவில் 16 பேருக்கும், இரண்டாம் குழுவில் 18 பேருக்கும் சிகிச்சை தோற்றது. வேறுபாடு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டனர். எண்களைத் திருப்பிப் படித்தால், மருந்து பெற்றவர்களிலும் நால்வரில் ஒருவருக்கு அது பயன்படவில்லை. மருத்துவர் அதையும் மறைக்காமல் தாயிடம் சொன்னார்.

உடனே ஊசி போடவில்லை. அவ்வீட்டுத் தாத்தாவுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் காசநோய் வந்து ஆறினது தெரிந்ததும் மருத்துவரின் முகம் மாறிற்று. காசநோய்க் கிருமி உடலில் புகுந்தால் எதிர்ப்பணுக்கள் அதைச் சுற்றி மதில் எழுப்பி அடைத்து வைக்கின்றன. ஆயுள் முழுவதும் அது உள்ளே உறங்கிக் கிடக்கலாம். அம்மதிலை நிற்க வைப்பதில் டி.என்.எஃப். பொருளுக்கும் பங்குண்டு. அதைத் தடுத்தால் மதில் சரியும். இதே வகையைச் சேர்ந்த இன்ஃபிளிக்சிமாப் மருந்துக்குப் பிறகு காசநோய் கண்ட 70 பேரைப் பற்றிய அறிக்கை 2001-இல் வெளிவந்த பின்னரே உலகம் விழித்துக்கொண்டது. சிறுமியின் முன்கையில் போட்ட தோல் சோதனை தடித்து வீங்கியது. நெஞ்சுப் படத்தில் நோயில்லை. ஆயினும் கிருமி உள்ளே உறங்குகிறது. ஆகவே ஆறு மாதத் தடுப்பு மாத்திரை. அதில் ஒரு மாதம் கழிந்த பின்பே முதல் ஊசி. கண்ணைக் காக்கும் அவசரமும் நுரையீரலைக் காக்கும் பொறுமையும் ஒன்றோடொன்று மோதிய அந்த மாதம், தாய் தினமும் மாலையில் பிள்ளையின் வலது கண்ணை மட்டும் திறக்கச் சொல்லி நாட்காட்டியின் தேதியைப் படிக்க வைத்தார்.

விலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோலரும் மில்ஸ்டைனும் கண்ட முறைக்குக் காப்புரிமை பெறப்படவில்லை. உலகுக்குத் திறந்தே கிடந்தது. அந்த அடித்தளத்தின் மேல் கட்டிய அடாலிமுமாபைச் சுற்றியோ நூற்றுக்கும் மேற்பட்ட காப்புரிமைகள் வேலியிட்டன. 2022-இல் மட்டும் அதன் மூலநிறுவனம் இம்மருந்தை 2,100 கோடி டாலருக்கு மேல் விற்றது. அமெரிக்காவில் மாற்று மருந்து விற்பனைக்கு வந்ததே 2023-இல்தான். இந்தியாவில் 2014 டிசம்பரிலேயே ஜைடஸ் காடிலா நிறுவனம் அதற்கு ஒப்பான மருந்தை, உலகில் முதலாவதாக, மிகக் குறைந்த விலையில் கொண்டு வந்தது. அப்படிக் குறைந்த விலையும் உப்பளக் கூலிக்கு எட்டவில்லை. கண்டுபிடித்தவனுக்குக் கூலி வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஒரு மருந்துக்கு நூறு வேலி எதற்கு என்று கேட்க எவருக்கும் உரிமை உண்டு, கேட்காமலிருப்பது நல்லதன்று.

பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையார் பாதிச் செலவை ஏற்றனர். முதலாண்டு எவரும் மறுப்புச் சொல்லவில்லை. இரண்டாம் ஆண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர், நல்லெண்ணத்தோடுதான், கேட்டார்: "பிள்ளைக்குச் சுகமாயிருச்சுன்னு டாக்டரே சொல்லுதாருல்ல சாமி? அந்தப் பணத்துல அஞ்சு வீட்டுக்குக் கூரை மாத்தலாமே." அக்கேள்வியை நாம் சிறிதாக எண்ணவில்லை. மழைக்கு ஒழுகும் கூரை கண்ணுக்குத் தெரிகிறது. ஓட்டை அடைபட்டால் நனையாமல் உறங்கும் பிள்ளைகளும் தெரிகிறார்கள். இம்மருந்தின் பயனோ ஒன்றும் நிகழாமலிருப்பது. நேற்றுப் பார்த்த அதே கண்ணை இன்றும் பார்க்கிறோம். அதற்காக ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறோம். அன்று ஸ்லிட் லாம்ப் வழியே கண்டதைச் சபையாருக்கு எடுத்துரைத்தோம். கேள்வி கேட்டவரே அடுத்த முறை மதுரைக்கு உடன் சென்று தாமும் பார்த்து வந்தார். அதன்பின் உதவி தொடர்ந்தது. கூரைகளும் மாற வேண்டியவையே. அவ்வாண்டு இரண்டுதான் மாறின.

ஊசியை 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைக்க வேண்டும், உறையவும் கூடாது. அவர்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லை. ஆகையால் பங்குத்தந்தை இல்லத்துப் பெட்டியில், பால் பாத்திரத்திற்குப் பக்கத்தில் அதற்கு ஓரிடம் ஒதுக்கப்பட்டது. சமையல் செய்யும் அம்மாள் அவ்விடத்தில் மீன் வைக்க எவரையும் விட்டதில்லை. இரு வாரத்திற்கு ஒரு சனிக்கிழமை தாயும் மகளும் வருவார்கள். குளிர்ந்தபடியே போட்டால் அதிகம் எரியும் என்பதால் அரை மணி நேரம் வெளியே எடுத்து வைப்போம். மடத்து மருந்தகத்துச் சகோதரி வந்து ஒரு முறை வலத் தொடையிலும் மறுமுறை இடத் தொடையிலும் போடுவார். மின்சாரம் தடைப்பட்ட நாட்களில் அந்தப் பெட்டியின் கதவை இல்லத்தில் ஒருவரும் திறப்பதில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து பேருந்துகள் நின்றபோது, இரண்டு ஊசிகள் மட்டுமே கையிருப்பில் இருந்தன. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து, ஊரெங்கும் கொள்ளைநோய். நிறுத்திவிடலாமா என்று தொலைபேசியில் கேட்டார் தாய். நிறுத்த வேண்டாம், பிள்ளையை வெளியே விடாதீர்கள் என்றார் மருத்துவர். மூன்றாம் ஊசி, காவல் துறையின் அனுமதிச் சீட்டோடு காய்கறி வண்டியில், பனிக்கட்டிப் பெட்டிக்குள் வந்து சேர்ந்தது.

2021-இன் மழைக்காலத்தில்தான் அறுந்தது. ஐப்பசி, கார்த்திகையில் உப்பளத்தில் வேலை இல்லை. அவ்வாண்டு மழை கடுமை. தம் பங்குப் பாதியைக் கொடுக்க வழியின்றி, அதைச் சொல்லவும் கூசி, ஊருக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மூன்று ஊசிகளைத் தவறவிட்டார் தாய். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, படித்தாள், விளையாடினாள். டிசம்பர்ச் சோதனையில் வலது கண்ணில் தூசு மீண்டும் மிதந்தது. அவர் அழவில்லை. "ஒரு வாட்டியாச்சும் வலிச்சிருந்தா நான் தலையை அடமானம் வச்சாவது போட்டிருப்பேனே சாமி" என்றார். நமக்குப் பதில் தோன்றவில்லை. விட்டுவிட்டுத் தொடங்கினால் உடல் சில வேளை இம்மருந்தையே அந்நியமாகக் கருதி அதற்கு எதிர்ப்பொருள் உண்டாக்கிவிடும். ஞாயிறு மாத்திரையை உடன் தொடர்வதற்கு அதுவும் ஒரு காரணம். நல்வாய்ப்பாக அவளுக்கு அவ்வாறு நேரவில்லை. ஊசி தொடர்ந்ததும் மூன்று மாதத்தில் கண் தெளிந்தது. அதுமுதல் மழை மாதங்களின் முழுச் செலவையும் சபையாரே ஏற்றுக்கொண்டனர். தாய் அதைக் கேட்கவில்லை.

2022 மே மாதம் நாம் வேறு பங்குக்கு மாற்றப்பட்டோம். ஊசிகள் மடத்து மருந்தகத்துப் பெட்டிக்கு இடம் மாறின. இடது கண்ணில் புரை அறுவை செய்தார்கள். வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் தெரிகின்றன, எழுத்துத் தெரியாது. வலது கண் பலகையின் கடைசி வரிவரை படிக்கிறது.

2025-இல் ஒரு நாள் மதுரையில் அவர்களை மீண்டும் சந்தித்தோம். ஒன்பதாம் வகுப்பு, தாயைவிட உயரமாகிவிட்டாள். எத்தனை வருடம் இன்னும் போட வேண்டும் என்று தாய் கேட்க, அவ்வாண்டு லான்செட் இதழில் வந்த ஆய்வை மருத்துவர் விளக்கினார். நோய் ஓராண்டாவது அடங்கியிருந்த பிள்ளைகளில், ஊசியை நிறுத்தியவர்களுள் மூன்றில் இரு பங்கினருக்கு ஓராண்டுக்குள் திரும்பிவிட்டது. தொடர்ந்தவர்களில் ஏழு பேரில் ஒருவருக்குத் திரும்பியது. நிறுத்தித் திரும்பியவர்களுக்கு மீண்டும் ஊசி தொடங்கியபோது அடங்கிற்று. நிறுத்திப் பார்க்கலாம், ஆனால் அடிக்கடி வந்து கண்ணைக் காட்ட வேண்டும் என்றார்.

அதுவரை பேசாதிருந்த பெண் கேட்டாள்: "திரும்பி வந்தா எனக்குத் தெரியுமா டாக்டர்?"

"தெரியாதும்மா. எனக்குத்தான் தெரியும்."

சற்று நேரம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, பத்தாம் வகுப்புத் தேர்வு முடியும்வரை போட்டுக்கொள்கிறேன், அதன்பின் நிறுத்திப் பார்க்கலாம் என்றாள். தாய் நம்மைப் பார்த்தார். நாம் மருத்துவரைப் பார்த்தோம். அவர் சரியென்று தலையசைத்து, மூன்று மாதம் கழித்து வரவேண்டிய தேதியை அட்டையில் எழுதினார். ஊசியை இப்போதெல்லாம் தானே போட்டுக்கொள்வதாக, பேருந்து நிலையத்துக்கு நடக்கும்போது அவள் நம்மிடம் சொன்னாள்.